கழுத்துல ஒரு ஊசி, கை முழுக்க மரப்பு: ஒரு 140 வருஷக் கதை

1/
"கையில தானே ஆபரேஷன், எதுக்கு டாக்டர் கழுத்துல ஊசி?" தேனி, போடி, சின்னமனூர், கம்பம்னு எந்த ஊர் ஆஸ்பத்திரியா இருந்தாலும் மயக்கவியல் டாக்டருக்குப் பழகிப்போன கேள்வி இது. பதிலை ரெண்டு வரில சொல்லிடலாம். ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி ஒரு 140 வருஷக் கதை இருக்கு. அதுல வியன்னா இருக்கு, நியூயார்க் இருக்கு, நம்ம உசிலம்பட்டியும் இருக்கு. இழை நீளம். டீ போட்டு எடுத்துட்டு வாங்க.

2/
முதல்ல, யாருக்கு இது? கருது அடிக்கிற மிஷின்ல கை விட்டவர். தென்னையில இருந்து விழுந்தவர். ஏலத் தோட்டத்துக்குப் போற ஜீப் கவுந்து முழங்கை நொறுங்குன அக்கா. பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி மஞ்சுவிரட்டுல மாடு தூக்கிப் போட்ட தம்பி. வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்ச அப்பத்தா. நம்ம பள்ளத்தாக்குல கை தான் சோறு. கை போனா குடும்பம் போச்சு.

3/
உடற்கூறியலை நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். முல்லைப் பெரியாத்துத் தண்ணி மலைக்குள்ள குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப் இறங்கி, ஆறாவும் கால்வாயாவும் பிரிஞ்சு, கடைசில வயல் மடைக்கு வருது இல்லையா? கைக்கு நரம்பு வர்றதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

4/
கழுத்துத் தண்டுவடத்துல இருந்து 5 வேர் கிளம்புது. ரெண்டு தசைக்கு நடுவுல வெளிய வந்து 3 தண்டா சேருது. காறை எலும்புக்குப் பின்னாடி, முதல் விலா எலும்பு மேல ஏறி, ரத்தக்குழாயோட ஒட்டிக்கிட்டே அக்குளுக்குப் போகுது. அங்க பிரிஞ்சு தோள், முழங்கை, விரல்னு தனித்தனி வாய்க்காலா ஓடுது. பிரிஞ்சு, சேர்ந்து, மறுபடி பிரியுறதால இதுக்குப் பேரு பிரேக்கியல் பிளெக்ஸஸ், புய நரம்புப் பின்னல்.

5/
தண்ணியை எங்க அடைக்கிறோம்ங்கறதைப் பொறுத்து எந்த வயல் காயும்னு மாறும். தலைமதகுல அடைச்சா ஒரு விளைவு, கிளை வாய்க்கால்ல அடைச்சா வேற. நரம்புக்கும் அதே தான். கழுத்து, காறை எலும்புக்கு மேல, காறை எலும்புக்குக் கீழ, அக்குள்: இந்த நாலு இடத்துல எங்க ஊசி போடலாம்ங்கறது தான் நூறு வருஷமா நடக்குற விவாதம்.

6/
கதை 1884-ல வியன்னாவுல ஆரம்பிக்குது. கார்ல் கொல்லர்னு ஒரு இளம் கண் டாக்டர். கோக்கா இலையில இருந்து பிரிச்செடுத்த கோகெயின் நாக்கை மரக்க வைக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அவரோட நண்பர் சிக்மண்ட் ஃபிராய்ட் கூட அதை ஆராய்ஞ்சுட்டு இருந்தார். ஆமா, மனநல ஃபிராய்ட் தான். ஃபிராய்ட் வருங்கால மனைவியைப் பார்க்க ஊருக்குப் போன நேரத்துல, கொல்லர் அதைத் தவளைக் கண்ணுல விட்டுப் பார்த்தார். அப்புறம் தன் கண்ணுல.

7/
கண் மரத்துப் போச்சு. குண்டூசியால தொட்டாலும் தெரியல. 1884 செப்டம்பர்ல ஹைடெல்பர்க் மாநாட்டுல அவர் கட்டுரை வாசிக்கப்பட்டுச்சு. போறதுக்கு அவர்கிட்ட காசு இல்ல, இன்னொருத்தர் தான் வாசிச்சார். சில வாரத்துல உலகம் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. நோயாளி முழிச்சிட்டு இருக்கும்போதே, வலி இல்லாம கத்தி வைக்க முடியும்!

8/
அதே குளிர்காலம், நியூயார்க்குல வில்லியம் ஹால்ஸ்டெட். அறுவை சிகிச்சையின் பெரிய பேர்கள்ல ஒருத்தர். கழுத்தைக் கத்தியால திறந்து, நரம்புப் பின்னலைக் கண்ணால பார்த்து, அதுல நேரடியா கோகெயின் போட்டார். கை மரத்துச்சு. உலகத்தின் முதல் பிரேக்கியல் பிளெக்ஸஸ் பிளாக் அதுதான்னு வரலாறு எழுதுது.

9/
ஆனா விலை? ஹால்ஸ்டெட்டும் கூட இருந்த இளம் டாக்டர்களும் தங்கள் உடம்புலயே ஊசி போட்டுப் பார்த்தாங்க. பழக்கம் பிடிச்சுக்கிச்சு. கூட இருந்த சிலர் அதுல அழிஞ்சே போனாங்க. ஹால்ஸ்டெட்டுக்கு கோகெயினை நிறுத்த மார்ஃபின் கொடுத்தாங்க. அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடல. இன்னிக்கு நீங்க கையை மரத்துப்போக வச்சு வீட்டுக்கு நடந்து போறீங்கன்னா, அந்தக் கடன் கணக்கு இங்க தான் தொடங்குது.

10/
இந்தியாவுல அப்போ என்ன நிலைமை? குளோரோஃபார்ம் ராஜ்ஜியம். 1888, 1889-ல ஹைதராபாத்துல நிஜாம் செலவுல ரெண்டு குளோரோஃபார்ம் கமிஷன் உக்காந்துச்சு. எட்வர்ட் லாரி தலைமை. அதே ஹைதராபாத்துல தான் ரூபா பாய் ஃபர்தூன்ஜி படிச்சாங்க. உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்னு அவங்களைச் சொல்லுவாங்க.

11/
அந்தக் கமிஷன் தீர்ப்பு என்ன? மூச்சைக் கவனிச்சா போதும், குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியா தாக்காதுன்னு. இது தப்புன்னு நிரூபிக்க 1911 ஆச்சு. லேசான மயக்கத்துலயே குளோரோஃபார்ம் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கி நிறுத்திடும்னு லண்டன்ல குட்மன் லெவி காட்டினார். இந்த 1911-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

12/
இடையில நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில என்ன நடந்துட்டு இருந்துச்சு? 1887-ல இருந்து 1895 வரை பென்னிகுவிக் பெரியாறு அணையைக் கட்டிட்டு இருந்தார். ஒரு மைலுக்கு மேல பாறையைத் துளை போட்டு, வெடி வச்சு சுரங்கம். காய்ச்சல்லயும் காலராவுலயும் செத்த கூலித் தொழிலாளிகள் நிறைய. பாறை உடைக்கிற வேலைன்னா கை நசுங்குறதும் அதோட சேர்ந்தது தான்.

13/
ஹால்ஸ்டெட் நரம்புல ஊசி போட்டு அப்போ பத்து வருஷம் ஆகியும், அது மலைக்காட்டுத் தொழிலாளிக்கு உபயோகப்படுற நிலைமையில இல்ல. ஏன்னா அதுக்குக் கழுத்தைத் திறக்கணும். மருந்தும் விஷம். கையை மரக்க வைக்கவே ஒரு ஆபரேஷன் வேணும்னா, அதை எந்த ஊர்ல போய்ச் செய்யுறது? தீர்க்க வேண்டிய சிக்கல் ரெண்டு: நல்ல மருந்து வேணும், தோலைத் திறக்காம நரம்பைக் கண்டுபிடிக்கணும்.

14/
முதல் சிக்கலை ஜெர்மனி தீர்த்துச்சு. ஹைன்ரிக் பிரவுன், கோகெயினோட அட்ரீனலின் சேர்த்தார். ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து போட்ட இடத்துலயே நிக்கும், உடம்புக்குள்ள மெதுவா தான் போகும். 1904-ல ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் புரோக்கெயினை உருவாக்கினார். அடிமைப்படுத்தாத மருந்து. 1905-ல பிரவுன் அதை நோயாளிகள்கிட்ட பயன்படுத்தி எழுதினார். நோவோகெயின்ங்கற பேரு பழைய பல் டாக்டர்கள் வாயில இன்னும் இருக்கும்.

15/
1908-ல பெர்லின்ல ஆகஸ்ட் பீர் சுத்து வழியில போனார். நரம்பைத் தேடவே வேணாம். கையில இருக்கிற ரத்தத்தை வெளியேத்தி, மேல இறுக்கிக் கட்டி, சிரைக்குள்ளயே மருந்தை விடு. கை முழுக்க மரக்கும். கட்டை அவுத்தா உணர்வு வந்துடும். இதுதான் பீர் பிளாக். முதுகுத்தண்டு ஊசியை 1898-ல உலகத்துக்குக் கொடுத்தவரும் இதே பீர் தான்.

16/
இப்போ 1911. ஒரே வருஷத்துல, சில மாச இடைவெளியில ரெண்டு ஜெர்மானியர்கள். ஹைடெல்பர்க்ல கியார்க் ஹிர்ஷெல், கழுத்தைத் திறக்காம அக்குள் வழியா ஊசி போட்டார். பிரவுன்கிட்ட வேலை பார்த்த டீட்ரிக் குலென்காம்ப்ஃப், காறை எலும்புக்கு மேல ஊசி போட்டார். யார் மேல முதல்ல? தன் மேலயே!

17/
குலென்காம்ப்ஃப் சொன்ன வழி எளிமையானது. நோயாளியை உக்கார வை. காறை எலும்பின் நடுவுல, நாடி துடிக்கிற இடத்துக்கு வெளிப்பக்கம் விரலை வை. அங்க ஊசியை இறக்கு. விரல் நுனியில "கரண்ட் அடிச்ச மாதிரி" இருக்குன்னு நோயாளி சொன்னா, நரம்புல பட்டாச்சு. மருந்தை விடு. நரம்பு எல்லாம் அங்க ஒரு கட்டா நெருங்கி இருக்குறதால கையின் பெரும்பகுதி ஒரே ஊசியில மரக்கும். அதனால தான் இதை "கைக்குப் போடுற ஸ்பைனல்"னு இன்னிக்கும் சொல்றோம்.

18/
எல்லாம் சரி, அப்புறம் என்ன பிரச்சனை? அந்த நரம்புக் கட்டுக்குக் கீழ முதல் விலா எலும்பு. விலா எலும்புக்கு உள்பக்கம் நுரையீரலின் உச்சி. ஊசி கொஞ்சம் உள்ள சாஞ்சா நுரையீரல்ல ஓட்டை. காத்து கசிஞ்சு நெஞ்சுக்கூட்டுல அடைஞ்சு, நுரையீரல் சுருங்கும். பழைய ஆய்வுகள்ல இது நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழ இருந்து ஆறு வரைக்கும் பதிவாகி இருக்கு.

19/
ஆறுன்னா சின்ன எண் மாதிரி தெரியும். எக்ஸ்ரே, நெஞ்சுக்குழாய், ஐசியூ எல்லாம் பக்கத்துல இருக்குற ஊர்ல அது சமாளிக்கக் கூடிய சிக்கல். ராத்திரி ரெண்டு மணிக்கு, கம்பத்துல இருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும்ங்கற ஊர்ல? அதே எண்ணுக்கு வேற எடை. ஒரு முறை நல்லதா கெட்டதாங்கறது புத்தகத்துல மட்டும் முடிவாகாது. ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரம் போகணும்ங்கறதுலயும் முடிவாகும்.

20/
இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. அது மொழி! இந்த முறை முழுக்க நோயாளி வாய் வார்த்தையில தான் நின்னுச்சு. "சுருக்"னா ஊசி வலி. "ஜிவ்வு"னு விரல் வரை ஓடுச்சுன்னா நரம்பு. குமுளிப் பக்கம் மலையாளத்துல "தரிப்பு"ம்பாங்க. தோட்ட வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன் "ஜன்ஜனாஹட்"ம்பான். பயத்துல இருக்குற ஆத்தா எதைக் கேட்டாலும் "ஆமாய்யா"ன்னுடும். கரண்ட் அடிக்கலைன்னா கை மரக்காதுன்னு ஒரு தலைமுறை டாக்டர்கள் பாடமா படிச்சாங்க. அந்தக் கரண்டை நோயாளி சரியாச் சொன்னா தானே?

21/
மருந்துப் பக்கம் திரும்புவோம். 1930-கள்ல ஸ்வீடன்ல பார்லியில இருக்குற ஒரு வேதிப்பொருளை ஆராய்ஞ்சாங்க. செயற்கையா செஞ்ச அதோட உறவுப் பொருளை ஹோல்கர் எர்ட்மான் நாக்குல வச்சுப் பார்க்க, நாக்கு மரத்துச்சு. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே போன நில்ஸ் லோஃப்கிரேன் 1943-ல லிக்னோகெயினை உருவாக்கினார். மாணவர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தன் மேலயே சோதிச்சுப் பார்த்தார். 1948-ல சந்தைக்கு வந்துச்சு. நம்ம நர்ஸ் அக்காக்கள் சொல்ற "ஜைலோகெயின்" அதுதான்.

22/
1957-ல பூபிவகெயின். இது பல மணி நேரம் நிக்கும். ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரியும் வலி தெரியாது. ஆனா தப்பா ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா இதயத்தை நிறுத்தும். நின்ன இதயம் திரும்ப ஓடுறதும் கஷ்டம். 1979-ல அமெரிக்காவுல ஜார்ஜ் ஆல்பிரைட் இதை எழுதி எச்சரிச்சார். பீர் பிளாக்குக்கு பூபிவகெயின் போட்டு பிரிட்டன்ல நடந்த மரணங்கள் 1982-ல வெளிச்சத்துக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் பீர் பிளாக்கும் பூபிவகெயினும் சேரவே கூடாதுங்கறது விதி.

23/
பீர் பிளாக்கே ரொம்ப நாள் மறந்து கிடந்த முறை. 1963-ல நியூசிலாந்தைச் சேர்ந்த ஹோம்ஸ் அதை லிக்னோகெயினோட திரும்பக் கொண்டு வந்தார். சின்ன ஆஸ்பத்திரிக்கு அது வரம். ஒரு சிரை கிடைச்சா போதும். மணிக்கட்டு எலும்பை இழுத்து நேராக்க அரை மணி நேர வேலைக்குப் பொருத்தம். ஆனா ரெண்டு நிபந்தனை. கட்டு நம்பகமா இருக்கணும். ஆபரேஷன் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சாலும் இருபது நிமிஷமாவது ஆகாம கட்டை அவுக்கக் கூடாது. அவுத்தா மருந்து மொத்தமா இதயத்துக்குப் போகும்.

24/
1960-கள்ல அக்குள் பக்கம் காத்து அடிச்சுச்சு. 1961-ல டி ஜாங் ஒரு கணக்கு போட்டார். நரம்புகளைச் சுத்தி ஒரு உறை இருக்கு, அதைக் குழாயா நினைச்சா, நிரப்ப 42 மி.லி. மருந்து வேணும்னு. அக்குள்ல நுரையீரல் பயம் இல்ல. ஆனா அங்க வர்றதுக்குள்ள ஒரு நரம்பு ஏற்கெனவே கிளை பிரிஞ்சு போயிருக்கும். அதைத் தனியா பிடிக்கலைன்னா முன்கையின் வெளிப்பக்கம் மரக்காது. வயல் மடையை அடைச்சிட்டு, மேல பிரிஞ்ச வாய்க்காலை மறந்த கதை.

25/
அந்த 42 மி.லி.-ஐ நம்ம ஊருக்கு மாத்துவோம். 1% லிக்னோகெயின்னா அது 420 மி.கி. அட்ரீனலினோட சேர்த்தா வழக்கமான உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி. 70 கிலோ ஆளுக்கு 490 வரை போகலாம், பிரச்சனை இல்ல. ஏலத் தோட்டத்துக்குப் போற 45 கிலோ அக்காவுக்கு? 315 தான் உச்சம். புத்தகம் சொன்னதை அப்படியே போட்டா நூறு மி.கி.க்கு மேல அதிகம்! எடை பார்க்காம ஊசி எடுக்கக் கூடாதுன்னு நாங்க அடம் பிடிக்கிறது இதுக்குத்தான்.

26/
அடுத்து சிகாகோவுல அலான் வின்னி. உறை கழுத்துல இருந்து அக்குள் வரை ஒரே தொடர்ச்சி, எங்க நுழைஞ்சாலும் ஒரே ஊசி போதும்னு சொன்னார். 1964-ல காறை எலும்புக்கு மேல ஒரு புது வழி, 1970-ல கழுத்துத் தசைகளுக்கு நடுவுல இன்டர்ஸ்கேலீன். தோள்பட்டை ஆபரேஷனுக்கு இன்னிக்கும் இதை விட்டா ஆள் இல்ல.

27/
1973-ல காறை எலும்புக்குக் கீழ போற வழியைப் புதுப்பிச்சவர் பிருத்வி ராஜ். நம்ம நாட்டுல பிறந்து அமெரிக்கா போனவர். இந்த ஊசி ஆழமா போகணும், ஆனா முழங்கைக்குக் கீழ எல்லாம் நல்லா மரக்கும். குழாய் வச்சு நாள் கணக்குல மருந்து விடவும் வசதி. மொழிச் சிக்கலுக்கு விடையா அவர் கையில இருந்தது நரம்புத் தூண்டி. 1912-ல பெர்த்தெஸ் ஜெர்மனியில சொன்ன யோசனை, 1962-ல கையடக்கக் கருவியா வந்துச்சு. ஊசி நரம்பை நெருங்கினா விரல் தானா துள்ளும். நோயாளி எந்த மொழி பேசினாலும் விரல் ஒரே மொழி தான் பேசும்.

28/
கழுத்து ஊசிக்கு ஒரு ரகசியச் செலவு இருந்துச்சு. உதரவிதானத்துக்குப் போற நரம்பு அங்க ரொம்பப் பக்கம். வழக்கமான அளவு மருந்து போட்ட இன்டர்ஸ்கேலீன் பிளாக்ல, பார்த்த எல்லாருக்கும் ஒரு பக்க உதரவிதானம் வேலை செய்யலைன்னு 1991-ல உர்மி காட்டினார். எல்லாருக்கும்! ஆரோக்கியமான ஆளுக்குத் தெரியவே தெரியாது. நாப்பது வருஷம் பீடி குடிச்ச ஐயாவுக்கு, ஆஸ்துமா அக்காவுக்கு, ஒரு பக்கம் நின்னா மூச்சே பிரச்சனை. தலைமதகை அடைச்சா பக்கத்து ஊர்த் தண்ணியும் நிக்குது, பாருங்க.

29/
இப்போ இன்னொரு வருஷம்: 1994. கொல்லர் இருந்த அதே வியன்னாவுல, 110 வருஷம் கழிச்சு, ஸ்டீஃபன் கப்ரால் குழு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே காறை எலும்புக்கு மேல பிளாக் போட்டு கட்டுரை வெளியிட்டாங்க. 1978-லயே லா கிரேஞ்ச் டாப்ளர்ல ரத்தக்குழாய்ச் சத்தத்தைக் கேட்டு ஊசி போட்டிருக்கார். ஆனா திரையில நரம்பு, ரத்தக்குழாய், ஊசி, மருந்து பரவுறது எல்லாம் தெரிஞ்சா அது வேற உலகம். நுரையீரலையும் பார்க்கலாம். பார்த்துட்டு தள்ளிப் போகலாம்.

30/
குலென்காம்ப்ஃப் முறையோட எண்பது வருஷ பயம் அங்க உடைஞ்சுச்சு. ஆபத்துன்னு பலர் கைவிட்ட காறை எலும்பு ஊசி திரும்ப முன் வரிசைக்கு வந்துச்சு. மருந்தும் பாதியா குறைஞ்சுச்சு. 40 மி.லி. போட்ட இடத்துல 20 போதும், சில நேரம் அதுக்கும் கீழ. 45 கிலோ அக்காவுக்கு இதோட அர்த்தம் என்னன்னு 25-ஆம் பதிவைத் திரும்பப் பாருங்க.

31/
அதே 1994-ல இங்க என்ன நடந்துச்சு? கருவில் பாலினம் கண்டறியறதைத் தடுக்குற சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறுச்சு. அதே வருஷம் நம்ம அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜாவோட "கருத்தம்மா" வந்துச்சு. பெண் சிசுக்கொலை பத்தின படம். அதுக்கு எட்டு வருஷம் முன்ன, 1986-ல "இந்தியா டுடே" அட்டைப்படக் கட்டுரையா எழுதின ஊர் உசிலம்பட்டி. தேனியில இருந்து மதுரைக்கு பஸ்ல போனா வழியில வர்ற ஊர்.

32/
கள்ளிப்பால் போய் ஸ்கேன் வந்துச்சு. பிறந்த பிறகு செஞ்சதைப் பிறக்கறதுக்கு முன்னாடி செய்ய ஒரு மெஷின் கிடைச்சது. அதனால சட்டம் மெஷினையே பிடிச்சுச்சு. 2003 திருத்தத்துல பிடி இறுகுச்சு. ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவாகணும், எந்த இடத்துல வைக்கிறோம்னு பதிவாகணும். 2012 விதிப்படி கையடக்க மெஷினை, நடமாடும் மருத்துவ வாகனம் மாதிரியான விதிவிலக்கு தவிர, பதிவான ஆஸ்பத்திரி வளாகத்தை விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது.

33/
இதுல நரம்பு பிளாக் எங்க வந்துச்சு? கழுத்து நரம்பைப் பார்க்குற தட்டையான கருவிமுனை சில சென்டிமீட்டர் ஆழம் தான் பார்க்கும். கருவுல இருக்குற குழந்தையைப் பார்க்க அது ஏத்ததில்ல. ஆனா அதே மெஷின்ல வேற முனையை மாட்டலாம். அதனால சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணு தான்.

34/
நம்ம பகுதியில மயக்கவியல் டாக்டர் பலர் ஒரே ஆஸ்பத்திரியில இருக்குறது இல்ல. காலையில போடி, மதியம் சின்னமனூர், ராத்திரி கம்பம். பையில ஊசி, குழாய், மருந்து எல்லாம் போகும். ஸ்கேன் மெஷின் மட்டும் போக முடியாது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் சொந்தமா வாங்கி, பதிவு செஞ்சு, தியேட்டர்ல வைக்கணும். பல லட்சம். இருபது படுக்கை நர்சிங் ஹோம் யோசிக்கத் தானே செய்யும்?

35/
சட்டத்தைத் திட்டுறதுக்கு இதை எழுதல. தெளிவா சொல்லிடுறேன்: அந்தச் சட்டம் வேணும். நம்ம பக்கத்துல எத்தனை வீட்டுல "மூணாவது பொண்ணு" பிறக்காமலே போச்சுங்கறதை எந்த மகப்பேறு டாக்டர்கிட்டயும் கேளுங்க. ஆனா ஒரு தலைமுறை செஞ்ச பாவத்துக்கான பூட்டு, இன்னொரு தலைமுறையோட உடைஞ்ச கைக்கும் சேர்த்தே விழுந்திருக்குங்கறது வரலாறு. அதைத் தெரிஞ்சுக்கணும்.

36/
அந்த 1994-ல நல்லது ஒண்ணும் நடந்துச்சு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அந்த வருஷம் தான் உருவாச்சு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமா கொள்முதல் செஞ்சு, கிடங்கு வழியா அனுப்புற ஏற்பாடு. லிக்னோகெயினும் பூபிவகெயினும் தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேரணும்னா பின்னாடி இப்படி ஒரு ஏற்பாடு வேணும். க. விலக்குல அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, மதுரைக்கு மட்டுமே ஓடின கேஸ்கள்ல ஒரு பங்கு தேனியிலயே நிக்க ஆரம்பிச்சுது.

37/
தமிழ்நாட்டுல கை அறுவை சிகிச்சைக்குப் பெரிய மரபு இருக்கு. வேலூர் சிஎம்சியில பால் பிராண்ட் 1940-களின் கடைசியில தொழுநோயாளிகளின் மடங்கின விரல்களை நிமித்துனார். சென்னை ஸ்டான்லியில வெங்கடசாமி கை சிகிச்சைக்குன்னே ஒரு துறையை வளர்த்தார். கோவை கங்கா மருத்துவமனை 1978-ல தொடங்கினது. தொடங்குனவர் டாக்டர் சண்முகநாதன் ஒரு மயக்கவியல் மருத்துவர்! துண்டான கையை ஒட்ட வைக்கிறதுல இன்னிக்கு உலக அளவுல பேர் வாங்குன இடம் அது.

38/
துண்டான விரலை ஒட்டுறப்போ பிளாக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. வலியை மட்டும் நிறுத்தாது, கையின் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி விரிய வைக்கும். தச்ச குழாய்ல ரத்தம் ஓட அது உதவி. (விரல் துண்டானா: சுத்தமான ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க. விரலை நேரடியா ஐஸ்ல போடாதீங்க.)

39/
பிளாக் போடத் தயங்குற நேரமும் உண்டு. முன்கை உடைஞ்ச பையனுக்கு மூங்கில் தப்பை வச்சு இறுக்கி நாட்டுக்கட்டு கட்டி, மூணு நாள் கழிச்சு விரல் நீலமா கூட்டிட்டு வருவாங்க. தசைக்குள்ள அழுத்தம் ஏறி ரத்தம் நிக்கிற நிலை. 1881-லயே வோக்மன் இதனால வர்ற விரல் முடக்கத்தை எழுதிட்டார். இங்க வலி தான் அபாயச் சங்கு. விரலை லேசா நிமித்தினாலே கத்துறான்னா அழுத்தம் ஏறுதுன்னு அர்த்தம். நீண்ட நேர பிளாக் போட்டுச் சங்கை நிறுத்திட்டா, கையைக் காப்பாத்துற மணி நேரம் கைநழுவிப் போகலாம்.

40/
பாதுகாப்புக் கதையில இன்னொரு திருப்பம். 1998-ல வைன்பர்க், பூபிவகெயினால நிக்கிற எலி இதயத்தைக் கொழுப்புக் கரைசல் காப்பாத்துதுன்னு கண்டார். 2006-ல ரோசன்பிளாட் நியூயார்க்ல, இன்டர்ஸ்கேலீன் பிளாக் போட்டு இதயம் நின்ன ஒரு நோயாளியை அதே கரைசலால மீட்டார். சாப்பிட முடியாதவங்களுக்குச் சிரை வழியா ஏத்துற வெள்ளைக் கரைசல் அது. பிளாக் போடுற எந்த இடத்துலயும் அது கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்.

41/
இப்போ ஒப்பீட்டைச் சுருக்கமா:
தோள்பட்டை: கழுத்து ஊசி. மூச்சுப் பிரச்சனை இருந்தா யோசிக்கணும்.
மேல்கையில இருந்து விரல் வரை: காறை எலும்புக்கு மேல. ஸ்கேன் இருந்தா முதல் தேர்வு.
முழங்கைக்குக் கீழ, குழாய் வைக்கணும்னா: காறை எலும்புக்குக் கீழ.
முன்கை, கை: அக்குள். நுரையீரல் பயம் இல்ல.
மணிக்கட்டுல சின்ன வேலை: பீர் பிளாக்.

42/
இதுல கடைசியா சேர்ந்தது கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரப்பின முறை. கையை இறுக்கிக் கட்டவே வேணாம். அட்ரீனலின் கலந்த லிக்னோகெயினை வெட்டுற இடத்துலயே போட்டு, நோயாளி முழிச்சிருக்க, தசைநாணைத் தச்சுட்டு "விரலை மடக்குங்கய்யா"ன்னு அங்கயே சோதிக்கலாம். விரல்ல அட்ரீனலின் போட்டா விரல் அழுகும்ங்கற பழைய பயத்தை அவர் குழு உடைச்சுது. பிரவுனோட நூறு வருஷத்துக்கு முந்தின யோசனை, சுத்தி வந்து நிக்குது.

43/
உங்களுக்கோ வீட்டுல ஒருத்தருக்கோ கை ஆபரேஷன்னா, தயங்காம கேளுங்க:
எந்த இடத்துல ஊசி? ஸ்கேன் பார்த்தா?
எனக்கு ஆஸ்துமா, பீடிப் பழக்கம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை இருக்கு, பரவாயில்லையா?
பிளாக் சரியா பிடிக்கலைன்னா அடுத்து என்ன?
அவசரத்துக்கு கொழுப்புக் கரைசல் இருக்கா?
இதைக் கேட்டா எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார்.

44/
நீங்க செய்ய வேண்டியது: "கை தானே"ன்னு சாப்பிட்டுட்டு வராதீங்க. பிளாக் பிடிக்கலைன்னா முழு மயக்கம் தேவைப்படலாம், வயிறு காலியா இருக்கணும். ஆபரேஷன் முடிஞ்சு கை பல மணி நேரம் உங்க கையா இருக்காது. தொட்டில் கட்டிக்கோங்க, அடுப்பு, பைக் சைலன்சர் பக்கம் போகாதீங்க. மரப்பு விலகுறதுக்கு முன்னாடியே வலி மாத்திரையைப் போட்டுடுங்க. நடுராத்திரி திடீர்னு விலகினா வலி மொத்தமா வந்து இறங்கும். மரப்பு போன பிறகு விரலை அசைக்க முடியலைன்னாலோ, கட்டுக்குள்ள வலி தாங்கலைன்னாலோ காலை வரை காத்திருக்காதீங்க.

45/
ஆஸ்பத்திரி நடத்துற நண்பர்களுக்கு: தியேட்டருக்குன்னு ஒரு ஸ்கேன் மெஷினை முறையா பதிவு செஞ்சு வைங்க. காகித வேலை இருக்கு, ஆனா முடியாத வேலை இல்ல. இளம் மயக்கவியல் டாக்டர்களுக்கு: திரையைப் பார்த்தே பழகினாலும், குலென்காம்ப்ஃப் காட்டின விரல் நுனியையும் விட்டுடாதீங்க. மெஷின் இல்லாத ராத்திரி நம்ம பள்ளத்தாக்குல இன்னும் நிறைய இருக்கு.

46/
உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஊசி போட்டிருந்தா எப்படி இருந்துச்சுன்னு கீழ எழுதுங்க. கால் ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலிக்குமாங்கற கேள்விக்கு அடுத்த இழையில வர்றேன்.